பளிங்குக் கல் வேண்டாம், படிக்க ஆள் அனுப்புங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், வீட்டில் பழைய தமிழ்த் தாள் ஏதேனும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தமிழ்த் தாள்களை வாசித்துக் குறிப்பெழுதி வந்த அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, சங்க மண்டபத்தில் அவர் பெயர் பொறித்த பளிங்குக் கல் பதிக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். பேச்சுப் போட்டிக்கு வருஷா வருஷம் அவர் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கலாம் என்றும் பேச்சு வந்தது. நல்ல மனதோடு சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கல்லும் கோப்பையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பெரும்பாலோருக்கு யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்கும் அவர் அண்ணனாகவே இருக்கட்டும், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். தமிழில் எழுதுவதால் குழுவில் பாதிப் பேருக்கு வாசிக்க முடியாது என்று தெரியும். என் மகள் ஆங்கிலத்தில் ஒரு பிரதி எடுத்துத் தருவாள். ஆனால் அண்ணனைப் பற்றித் தமிழில் எழுதாமல் வேறெதில் எழுதுவது?

அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சிக்குத் தெரு கூட்டவும் குப்பை அள்ளவும் சாக்கடை தோண்டவும் வைத்துக்கொண்ட நம் ஆட்களைக் குடும்பத்தோடு நெருக்கியடித்துக் குடிவைத்திருந்த இடம் அது. அந்த நெரிசலுக்குள்ளேதான் தெருக்கூத்து விடிய விடிய நடந்தது, நாடகக் குழுக்கள் இருந்தன, சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடந்தது. அண்ணனுக்குத் தமிழ் எழுத்து வந்தது அப்படித்தான். 1960களில் அங்கிருந்த குடும்பங்களை, இனஒதுக்கல் அரசு இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோனார்கள். லாரியில் இடம் போதாமல் ஒரு தகரப் பெட்டியை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதற்குள் அவர் அப்பா கையால் எழுதிய கூத்துப் பாட்டு நோட்டுகள் இருந்தன. மறுநாள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பெட்டி இல்லை. இந்த ஒரு சம்பவத்தை மட்டும் அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்த நோட்டுகளின் அட்டை நிறத்தையும் சேர்த்துச் சொல்வார்.

பள்ளி முடிந்ததும் துணித் தொழிற்சாலைக்குப் போனார், கட்டிங் மாஸ்டர் ஆனார், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1990களில் இறக்குமதிச் சுங்கத்தைக் குறைத்ததும் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. டர்பனில் ஆலை ஆலையாக மூடினார்கள், அண்ணனுக்கும் வேலை போயிற்று. அதே காலத்தில்தான் வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழித் துறைகளும் மூடப்பட்டன. வேலை போன ஒரு மனிதரையும் தமிழ் வாசிக்க ஆளில்லாமல் போன ஒரு நூலகத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தது இந்தக் காலக்கொடுமைதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1961இல் 'இந்தியர்களுக்கு மட்டும்' என்று சொல்லி, துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் கடற்படை விட்டுப்போன கொட்டகைகளில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். இனஒதுக்கல் அரசின் கல்லூரி என்பதால் அதைப் புறக்கணிக்க வேண்டும் என்று நேட்டால் இந்தியக் காங்கிரஸ்காரர்கள் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் போனவர்களும் படகேறிப் போய்ப் படித்துவிட்டு, உள்ளேயிருந்தே எதிர்த்தார்கள். பிறகு அது வெஸ்ட்வில் மலைக்கு வந்தது. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று. நம்மை ஒதுக்கி வைக்கக் கட்டிய இடத்திலேயே நம் மக்களின் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையமும் இருக்கிறது. இதை அண்ணன் ஒரு வெற்றியாகவே பார்த்தார். "நம்மைப் பிடித்துப் போட நினைத்த இடம் தங்கச்சி, இப்போது நம் தாத்தா பேர் அங்கே பத்திரமாக இருக்கு" என்பார்.

சரி, நூலகத்தில் அவர் என்னதான் செய்தார்? புத்தகம் நிறையக் கொடுத்தார், பணம் கொடுத்தார் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். கொடுத்தார்தான், ஆனால் அது சிறிய பகுதி. நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் தொழிலை நன்றாகத் தெரிந்தவர்கள், அன்பானவர்களும்கூட. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால், எந்தப் பக்கம் மேல் என்றுகூடத் தெரியாதே. தலைப்பு தெரியாமல் அட்டவணையில் ஏற்ற முடியாது. அட்டவணையில் ஏறாத புத்தகத்தை யாரும் கேட்க முடியாது. கேட்பவர் இல்லை என்றால் அது அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். அண்ணன் வாரந்தோறும் பேருந்து ஏறிப் போய், ஒவ்வொரு தாளாக எடுத்து வாசித்து, ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்துவிட்டு வருவார். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுவார். அச்சிட்ட ஊர், ஆண்டு, யார் வீட்டிலிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் நாலு வரியில் இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து நூலகத்தார் கணினியில் ஏற்றுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். அவரோடு உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எளிதில்லை. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சான எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ணா, றா, னா மூன்றும் வேறு வடிவத்தில் இருக்கும். லை, ளை, ணை, னை என்பவற்றுக்குத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு இருக்கும். இன்றைக்குப் பள்ளியில் தமிழ் படிக்கிற நம் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கையெழுத்துத் தாள் என்றால் இன்னும் கஷ்டம். புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு இருக்காது. எண்களைத் தமிழ் எண்ணிலேயே எழுதியிருப்பார்கள். வருஷம், மாதம், தேதிக்குத் தனித்தனிச் சுழிகள் உண்டு.

தேதிதான் பெரிய சிக்கல். ஒரு சாவு நிதிச் சங்கத்தின் கணக்குத் தாளில் 'ஆனந்த வருஷம் பங்குனி' என்று இருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிற பெயர் ஆயிற்றே. ஆனந்த வருஷம் என்றால் 1914-15ஆகவும் இருக்கலாம், 1974-75ஆகவும் இருக்கலாம். அண்ணன் கிழமையையும் திதியையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தார். பணத்தைப் பவுன், ஷில்லிங்கில் எழுதியிருப்பதைக் காட்டினார். 1961இலேயே ராண்டு நாணயம் வந்துவிட்டதால் பிந்திய ஆனந்த வருஷமாக இருக்க முடியாது, 1915தான் என்று முடிவு செய்தார். அந்தத் தாளில் இறந்தவரை அடக்கம் செய்ய ஆளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று வீடு வீடாக எழுதியிருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை இந்தியா நிறுத்தி நாலு வருஷம்தான் ஆகியிருந்த நேரம். கையில் காசில்லாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் சாவுச் செலவைத் தாங்கியதற்கு அந்த ஒரு தாள் சாட்சி. வாசிக்க ஆள் இல்லாதிருந்தால், தேதி தெரியாத பழைய தாள் என்று ஏதோ ஒரு பெட்டியில் கிடந்திருக்கும்.

வேர் தேடி வருகிறவர்களுக்கும் அவரிடம்தான் வழி கிடைத்தது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து வந்து சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் கப்பல் பதிவேடுகளில் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பிலிருந்த தழும்பு வரைக்கும் குறித்திருக்கிறார்கள். ஆனால் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர்கள். முனுசாமி மூன்சாமி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் நமக்குத் தெரிந்த கதைதான். ஊர்ப் பெயர்கள் அதைவிட மோசமாகச் சிதைந்திருக்கும். அண்ணன் அந்த எழுத்துகளை வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்ப்பார். பிறகு வட ஆற்காடு வரைபடத்தை விரித்துவைத்து விரலால் தேடுவார். ஒருமுறை வெருலத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆயா, தன் கொள்ளுப்பாட்டன் ஊர்ப் பெயரை அவர் சரியாக உச்சரித்துக் காட்டியதும், "எங்க அம்மா இப்படித்தான் சொல்லும்" என்று அழுதுவிட்டார். அந்த ஊர்ப் பெயரை அண்ணன் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

வாசிக்க ஆள் இல்லாமல் போவதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவூட்டுகிறேன். காந்தியடிகளின் 'இந்தியன் ஒப்பீனியன்' 1903இல் டர்பனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. 1906இல் தமிழ்ப் பகுதியும் ஹிந்திப் பகுதியும் நின்றன. எழுதவும் அச்சுக் கோக்கவும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்பதே காரணம். வாசகர்கள் இல்லாமல் இல்லை, நேட்டாலில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1908இல் பி. எஸ். ஐயர் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தொடங்கியபோது ஆங்கிலத்தோடு தமிழும் சேர்ந்து வந்தது. ஓர் ஆள் இருந்தால் ஒரு மொழி அச்சில் நிற்கிறது. அவர் போனால் நின்றுவிடுகிறது. டர்பனில் இது நூறு வருஷத்துக்கு முன்பே நடந்தது. அண்ணன் போனபிறகு நூலகத்தில் அதுவே நடக்கப்போகிறது என்பதுதான் என் கவலை.

இன்னும் சீட்டு எழுதாத பெட்டிகள் இருக்கின்றன. காவடிப் பாட்டுப் புத்தகங்கள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஊரிலிருந்து வந்த நீல நிற ஏர்மெயில் கடிதங்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடுகள், யாரோ மதராஸிலிருந்து வரவழைத்த பாலபாடங்கள். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் கவலைப்பட்டது இந்தப் பெட்டிகளைப் பற்றித்தான்.

பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் நம் சொத்து கைவிட்டுப் போகும் என்று உங்களில் சிலர் நினைப்பதை அறிவேன். ஒரு கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இதை வெளிப்படையாகவே சொன்னார். நியாயமான பயம்தான். நிலத்தைப் பிடுங்கினார்கள், வீட்டைப் பிடுங்கினார்கள், இப்போது தாத்தாவின் தாளையுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அண்ணன் இதற்குச் சொன்ன வழி எளியது. கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள். யார் கொடுத்தது, யார் பார்க்கலாம், எதைப் படம் எடுத்து வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்பதையெல்லாம் அந்தத் தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்கேன் செய்த பிரதி ஒன்றை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். மூலத்தைப் பிரிய மனமில்லை என்றால் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவர் கூட இருந்து பேசி இப்படி ஏற்பாடு செய்து கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நூலகமும் எரியும், அதையும் மறைக்க மாட்டேன். 2021 ஏப்ரல் 18ஆம் தேதி டேபிள் மலைச் சரிவில் பற்றிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி அங்கே நூலகத்தின் ஜாகர் வாசிப்பறையை அழித்தது. ஆப்பிரிக்க ஆய்வுத் தொகுப்பில் அச்சுநூல்கள் பெருமளவு போயின. தீத்தடுப்புக் கதவுகள் விழுந்து மூடியதால் கட்டடத்தின் மற்றப் பகுதிகளில் இருந்தவை பிழைத்தன. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அண்ணன் சாப்பிடவில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருக்கக் கூடாது என்று அவர் அன்றிலிருந்து விடாமல் சொல்லிவந்தார். ஆனால் வீட்டு அலமாரியில் தீத்தடுப்புக் கதவு ஏது? அடுத்த ஆண்டு ஏப்ரலில் நம் டர்பனிலேயே வெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடு இழந்தவர்கள் முன்னால் தாளைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது, அவருக்கும் வரவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு ஒரு குடும்பம் அவர்களாகவே நனைந்த போட்டோ ஆல்பத்தையும் கடிதக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "வெயிலில் காயவைக்காதீங்க, பிரிச்சுப் பார்க்காதீங்க, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்க" என்றார் அண்ணன். உறையவைத்தால் பூஞ்சணம் பரவாது, பிறகு நிதானமாகப் பிரிக்கலாம் என்று நூலகத்துப் பாதுகாப்புப் பணியாளர்களிடம் கற்றுக்கொண்டிருந்தார். கடிதங்களில் பெரும்பகுதி பிழைத்தது.

அப்புறம், வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அவர் சார்பாக இதையும் சொல்லிவிடுகிறேன். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது பழுத்து, எழுத்தையும் சேர்த்துக் கறையாக்கிவிடும். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. டர்பன் ஈரத்தில் சுவரை ஒட்டி வைத்த பெட்டிக்குள் ராமபாணப் பூச்சி நிச்சயம் வரும். சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கட்டாக இருப்பதைப் பிரித்துத் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். எந்தக் கடிதம் எதோடு இருந்தது என்பதே ஒரு தகவல்.

இனி நான் கேட்பது. கல்லுக்கும் கோப்பைக்கும் ஒதுக்க நினைத்த பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள். அதோடு ஒவ்வொரு சங்கமும் ஒருமுறை பிரியாணி டிக்கெட் விற்றால் போதும். கோயில் கூரைக்கும் பள்ளிப் பிள்ளைகள் பயணத்துக்கும் எத்தனை தடவை விற்றிருக்கிறோம்! அந்தப் பணத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேருக்குப் பேருந்துச் செலவும் மாதம் ஒரு தொகையும் கொடுத்து நூலகத்தில் உட்கார வைப்போம். சம்பளம் இல்லாமல் செய்யட்டும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அண்ணன் பென்ஷன் வயதில் இலவசமாகச் செய்தார். இருபது வயதுப் பிள்ளைக்கு டாக்சிக்குக் காசு வேண்டும். பழைய எழுத்தையும் தமிழ் எண்களையும் சொல்லிக்கொடுக்க இன்னும் நம்மிடையே சில பெரியவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் தன் கையால் எழுதிய எழுத்து அட்டவணையும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நானும் வருவேன். தமிழ் ஆசிரியர்களே, உங்கள் மூத்த மாணவர்களில் யார் சரியாக வாசிப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், பெயர் கொடுங்கள்.

1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு நம் நாட்டில் வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பல்கலைக்கழகத்திடம் போய் ஒரு மேசையும் ஒரு கணினியும் நிரந்தரமாகக் கேட்க இது நமக்குப் போதுமான பலம். ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்பதைவிட, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கேட்போம். மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அண்ணன் முதன்முதலில் போனபோதும் மறுக்கவில்லை.

சங்கங்களிடம் தனியாக ஒன்று. உங்கள் சொந்தக் கூட்டக் குறிப்பேடுகள் எங்கே? செயலாளர் மாறும்போதெல்லாம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், கடைசியில் யாரோ ஒருவரின் கராஜில் கிடக்கின்றன. ஆரம்ப கால ஏடுகள் தமிழில் எழுதியவை. அவற்றை எழுதிய பெரியவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு, ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு தீர்மானம் எழுதினார்கள். அந்த ஏடுகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அண்ணன் பல கூட்டங்களில் எழுந்து கேட்டார். நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

புரட்டாசி விரதம் தொடங்கிவிட்டால் உங்கள் யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன் வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இந்த மடலை வாசிக்கச் சொல்லி, பணத்தைப் பற்றி ஒரு தீர்மானமும் குறிப்பேடுகளைத் தேட ஓர் ஆளையும் முடிவு செய்யுங்கள். அண்ணன் வீட்டில் இருந்த அவருடைய சொந்தப் புத்தகங்களையும் சீட்டு நோட்டுகளையும் நூலகத்துக்கே கொடுப்பதாக அண்ணி சொல்லிவிட்டார்கள். அவற்றைக் கொண்டுபோக ஒரு வண்டியும் தூக்க இரண்டு பேரும் வேண்டும். யார் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
சாட்ஸ்வொர்த், டர்பன்